பின்பிடிக்கு ஆள் தேவை

போரில் ஒருவரைக்கூடச் சுடாத வீரருக்கு எப்படி விழா எடுப்பது என்று நகராட்சித் தலைவருக்குப் புரியவில்லை. அதற்காக விழாவைக் கைவிடுகிற ஆளும் அவர் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு விமானப்படைக்காரருக்குக் கல் நட்டு, கல்லைச் சுற்றிச் சங்கிலி கட்டி, சங்கிலிக்கு வெள்ளிப் பூச்சும் அடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தலைவருக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் நம் ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் போனது ஒரே ஸ்ட்ரெச்சரைத் தூக்கத்தான்.

முன்னால் பிடித்தவர் உயிரோடு இருக்கிறார். ஊரில் அவருக்கு முன்பிடி என்றே பெயர். பின்னால் பிடித்தவர் போன வருடம் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருப்பவருக்கு விழா எடுத்தால், மறுநாளே வந்து குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை பிடிப்பார். செத்தவர் எதுவும் கேட்க மாட்டார். ஆகவே விழா பின்பிடிக்குத்தான் என்று நகராட்சி ஒருமனதாக முடிவு செய்தது.

பின்பிடியின் மகளுக்கு இந்தச் சேதி, நாற்காலி வேண்டும் என்று வந்த போன் வழியாகத்தான் தெரிந்தது. அவள் நாற்காலி, மேடை, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவள். கடை அப்பா ஆரம்பித்தது. போர் முடிந்து வந்தவர் ஏன் இந்தத் தொழிலைப் பிடித்தார் என்று கேட்டால், “உக்காந்திருக்கிற ஆளைத் தூக்க வேணாம் பாரு” என்பாராம். அப்பாவுக்கு என்று யாராவது விழா எடுப்பார்கள், அதற்குத் தன் கடை நாற்காலியே போகும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்க அவளுக்கு விருப்பமும் இல்லை. அப்பா மேல் அவளுக்கு ஒரு கோபம் இருந்தது. அவர் செத்த பிறகும் அது சாகவில்லை.

“எத்தனை நாற்காலி போடணும்?” என்று கேட்கத்தான் நகராட்சிக் கூட்ட அறைக்குப் போனாள். அங்கே எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

“இரும்மா. முதல்ல யார் படுக்கிறதுன்னு முடிவாகட்டும்” என்றார் தலைவர்.

திட்டம் இதுதான். பேருந்து நிலையத்திலிருந்து பூங்காவில் கல் நட்ட இடம் வரைக்கும், காயம்பட்ட ஒரு சிப்பாயை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போவது. முன்னால் முன்பிடியே பிடிப்பார். பின்னால் பிடிக்க ஒரு ஆள். படுக்க ஒரு ஆள். படுக்கத் தலைவரே ஆசைப்பட்டார். ஆனால், “நீங்க மல்லாந்து கிடக்கிற போட்டோ ஒண்ணு போதும், அடுத்த தேர்தலுக்கு எதிர்க்கட்சிக்கு வேற எதுவும் வேணாம்” என்று செயலர் காதைக் கடித்தார். சலூன்காரர் முன்வந்தார், ஆனால் படுத்தால் தலை சுற்றும், ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்து வருகிறேன் என்றார். பால்காரர் சம்மதித்தார். அவருடைய மனைவி வாசலிலேயே வந்து நின்று, “என் புருஷன நல்லா இருக்கும்போதே தூக்கிட்டுப் போறீங்களா?” என்று ஒரு பிடி பிடித்ததில், பால்காரர் பின்பக்க வழியாகப் போய்விட்டார்.

கடைசியில் ஜவுளிக்கடைக்காரர் பெரிய மனசு பண்ணினார். “நம்ம கடைப் பொம்மை ஒண்ணு இருக்கு. படுன்னா படுக்கும். யாரும் வந்து கேக்க மாட்டாங்க.”

“ஆம்பளைப் பொம்மையா?”

“பொம்பளைதான். மீசை வரைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?”

அத்தோடு இன்னொரு பிரச்சினையும் தீர்ந்தது. தூக்குகிறவர்கள் கையில் துப்பாக்கி இருக்க முடியாது. ஆனால் துப்பாக்கியே இல்லாமல் ஒரு போர் வீரர் விழாவா என்று தலைவருக்கு ஆற்றாமை. இப்போது துப்பாக்கியைப் படுத்திருக்கும் பொம்மையிடம் கொடுத்துவிடலாம். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. காயக்கட்டில் தன் கடைப் பெயரைச் சின்னதாக எழுதிக்கொள்ளலாமா என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். ரத்தம் படாத பக்கம் எழுதிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது.

“உங்க அப்பாவோட ஸ்ட்ரெச்சர் உன் கிடங்குல இருக்குன்னு சொன்னாங்களேம்மா” என்றார் தலைவர்.

இருந்தது. இரண்டு மூங்கில் கழி, நடுவில் கெட்டியான கேன்வாஸ் துணி. கிடங்கின் கடைசிச் சுவரில், முதுகைக் காட்டிக்கொண்டு சாத்தியிருந்தது. அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை. மைக் செட் வயர் வேண்டுமென்றால்கூட வேலையாளை அனுப்புவாள்.

“எடுத்துட்டுப் போங்க. திருப்பித் தர வேணாம்” என்றாள்.

அடுத்த வேலை பின்பிடிக்கு ஆள் பிடிப்பது. நகராட்சி மைதானத்தில் ஒத்திகை நடந்தது. முன்பிடிக்கு வயது எண்பதை நெருங்குகிறது. காலில் முன்போல் தெம்பு இல்லை. ஆனால் கழியைக் கையில் பிடித்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். அவரிடம் ஒரே ஒரு வம்பு. பின்னால் யார் பிடிக்கிறார்கள் என்று திரும்பியே பார்க்க மாட்டார். நடப்பார், நிற்பார், “ஆள் சரியில்ல” என்று கழியைக் கீழே வைத்துவிடுவார்.

உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் பிடித்தார். “இவன் பளு தூக்குறான். ஆளைத் தூக்கல” என்றார் முன்பிடி. தபால்காரர் பிடித்தார். “இவன் என்னைத் துரத்துறான். நான் என்ன நாயா?” தலைவருடைய மச்சினர் பிடித்தார், அவரிடம் எந்தக் குறையும் இல்லை, ஒழுங்காக அடி எடுத்து வைத்தார். மைதானத்தைப் பாதி சுற்றியதும் முன்பிடி நின்றார்.

“வேணாம். இவன் பேச மாட்டேங்கிறான்.”

“என்ன பேசணும்னு சொல்லுங்க, பேசறேன்” என்றார் மச்சினர்.

“நான் சொல்லி நீ பேசினா அது நான் பேசின மாதிரிதானே? பின்னாடி இருக்கிறவனுக்கா தோணணும்.”

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். ஊரில் இதற்கு மேல் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் முன்பிடி அவள் கடைக்கு வந்தார். அவள் கால் உடைந்த நாற்காலிகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரியாகக் கால் உடைந்ததையே இழுத்ததால் உட்கார்ந்த வேகத்தில் சாய்ந்தார். அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

“உங்கப்பன் இருந்தா இதை வெளிய போட விட மாட்டான். ‘மூச்சு இருக்கு, தூக்கு’ம்பான்” என்றார் அவர்.

உண்மைதான். அப்பாவுக்கு எல்லாவற்றிலும் மூச்சு இருந்தது. மூன்று கால் நாற்காலி, கரகரக்கும் மைக், நடுவில் கிழிந்த தார்ப்பாய் எதைக் காட்டினாலும் குனிந்து பார்த்துவிட்டு, “மூச்சு இருக்கு” என்பார். சின்ன வயதில் அவளுக்கு அது பெரிய வேடிக்கை. இப்போது அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நீ வந்து பின்னாடி பிடிம்மா” என்றார் முன்பிடி.

“வேணாம் பெரியப்பா. நாற்காலி போடச் சொல்லுங்க, போடறேன். அதைத் தொட மாட்டேன்.”

“இன்னுமா கோபம்?”

“அது கோபம் இல்ல பெரியப்பா. அவர் என்னை ஏமாத்தினாரு.”

நடந்தது இதுதான். சில வருடங்களுக்கு முன் அவளுடைய அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தாள். தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தது நகராட்சி. ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டது. அப்பா கிடங்கிலிருந்து ஸ்ட்ரெச்சரை எடுத்து வந்தார். அவள் முன்னால் பிடித்தாள், அப்பா பின்னால். முன்னால் பிடிக்கிறவர்களுக்குப் படுத்திருப்பவர் முகம் தெரியாது. மண் மேட்டில் ஏறி இறங்கியபடி அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். “அம்மா எப்படி இருக்கா?” அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். “மூச்சு இருக்கு. நீ நட.” மாவு மில் திருப்பத்தில் கேட்டாள், மரக்கடை வாசலில் கேட்டாள், பெரிய ரோடு வந்த பிறகும் கேட்டாள். மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, நீ நட. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “வழியிலயே போயிட்டாங்க. ரொம்ப நேரமாச்சே” என்றார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை.

எத்தனை பேரைத் தூக்கிய மனுஷர்! அவருக்கா தெரியாது? தெரிந்தும் பொய் சொன்னார். அவளுக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே கீழே வைத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்திருப்பாள், சூடு ஆறுவதற்குள் கையைப் பிடித்திருப்பாள். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், சட்டையைத் துவைத்துப் போட்டாள். நாற்காலி, மேடை, மைக் பற்றிப் பேசினாள். வேறெதுவும் பேசவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவும் இல்லை. அவர் அப்படியே போய்விட்டார்.

முன்பிடி எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியா” என்றார். கால் உடைந்த நாற்காலியை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். கண்டக்டரான அவள் கணவன் ராத்திரிச் சாப்பாட்டின்போது, “போய்ப் பிடிச்சா என்னவாம்? உங்கப்பாவோட இடம்தானே” என்றான். “உங்க வேலை டிக்கெட் கிழிக்கிறது, அதைப் பாருங்க” என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

விழா நாளும் வந்தது. பூங்காவில் நாற்காலியெல்லாம் வரிசையாகப் போட்டாயிற்று. சாயங்காலம் அதே நாற்காலிகள் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் வரவேற்புக்குப் போக வேண்டும். அவள் பேருந்து நிலையத்துக்குப் போனது மைக் செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான்.

ஸ்ட்ரெச்சரில் பொம்மை படுத்திருந்தது. பூட்ஸ் பாலிஷால் மீசை வைத்திருந்தார்கள். மேலே நீளமான கண்ணிமை, கீழே சிரிப்பு மாறாத சிவந்த உதடு. ஒரு கை வேறு ஏதோ பொம்மையுடையது. அது மட்டும் கறுத்திருந்தது. கைப்பை மாட்டிக் காட்டுவதற்காகச் செய்த கையில் துப்பாக்கியை மாட்டியிருந்ததால், குண்டடி பட்டு விழுந்த பிறகும் கடைத்தெருவுக்குக் கிளம்பியது போலிருந்தது. காயக்கட்டில், சின்னதாக என்று சொன்ன கடைப் பெயர், தெரு முனை வரைக்கும் தெரிந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். “எதிரிகளை ஓட ஓட விரட்டிய நம் ஊர்ச் சிங்கம்...” என்று ஆரம்பித்தார்.

“நாங்கதான் ஓடினோம்” என்றார் முன்பிடி பக்கத்திலிருந்து. மைக் அதையும் சேர்த்து ஊருக்குச் சொல்லிவிட்டது.

மாஸ்டரே பின்னால் பிடிப்பது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேண்டு வாத்தியம் கிளம்பியது. முன்பிடி நாலு அடி வைத்தார், கழியைக் கீழே வைத்தார், சாலையோரம் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“ஆள் சரியில்ல.”

தலைவர் கெஞ்சினார். செயலர் மிரட்டினார். வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். முன்பிடி அசையவில்லை. “பின்னாடி ஆள் இல்லாம நான் போக மாட்டேன். நானா தனியாப் போறதுன்னா அதுக்கு வேற ஏற்பாடு பண்ணுங்க” என்றார். பொழுது ஏறிக்கொண்டே போனது. மண்டபத்துக்காரர் அவளுக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். பூங்காவில் கூட்டம் எழுந்தால்தான் நாற்காலி கிளம்பும். கூட்டம் எழ வேண்டுமானால் முதலில் விழா நடக்க வேண்டும்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“நகருங்க” என்று மாஸ்டரைத் தள்ளிவிட்டு, பின்பக்கக் கழிகளைப் பிடித்தாள். “எந்திரிங்க பெரியப்பா. எனக்குச் சாயங்காலம் வேற வேலை இருக்கு.”

முன்பிடி திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து வந்தார், குனிந்தார், “ம்” என்றார். இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள்.

முன்னால் போகிறவர் வழி சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் சொல்லிக்கொண்டே போனார். “பள்ளம்... கல்லு... சைக்கிள்...” போட்டோவுக்காகத் தலைவர் குறுக்கே வந்து நின்றார். “தலைவர்!” என்று அதே குரலில் சொல்லிவிட்டு, பள்ளத்தைச் சுற்றுவதுபோல் அவரையும் சுற்றிக்கொண்டு போனார். கூட்டம் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கீழே பொம்மையும் சிரித்துக்கொண்டிருந்தது.

கடைத்தெரு மேட்டில் ஏறும்போது முன்பிடி கேட்டார். “ஆள் எப்படி இருக்கான்?”

நடிக்கிறார் என்று நினைத்தாள்.

“ஏய், கேக்கறேன்ல. ஆள் எப்படி இருக்கான்?”

குரலில் நடிப்பு இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்று முன்னால் பிடித்தபோது அவள் பார்க்காத ஒன்று, பின்னாலிருந்து பார்த்தால் தெரிந்தது. படுத்திருப்பவர் முகம் மட்டுமில்லை. அதற்கு அப்பால், தூக்கிக்கொண்டு போகிறவருடைய முதுகும் தெரிந்தது. கிழவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்கழுத்து நரம்பு துடித்தது. முழங்கால்கள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. கழி அவர் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த வாத்தியக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். பெரிய மேளம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்.

அவள் பொம்மையைப் பார்த்தாள். வெயிலில் மீசை ஒழுகி, உதட்டைத் தாண்டி வந்திருந்தது.

“மூச்சு இருக்கு” என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. “மூச்சு இருக்கு பெரியப்பா. நீங்க நடங்க.”

கால்களின் நடுக்கம் நின்றது. கிழவர் கழியை இறுக்கிப் பிடித்தார். நடந்தார்.

தபால் நிலையத் திருப்பத்தில் மறுபடி கேட்டார். மூச்சு இருக்கு என்றாள். பூங்கா வாசலில் கேட்டார். இருக்கு, நடங்க என்றாள். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜவுளிக்கடைக்காரர் மட்டும் கிட்டே வந்து பொம்மையைக் கவலையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்லுக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். தலைவர் கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார், கைதட்டினார்கள், தலைவர் பேசினார். முன்பிடி புல்லில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“போர்லயும் அப்பா இப்படித்தான் சொல்வாரா?”

“எப்பவும். ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னதில்ல.”

“பொய்ன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“செத்தவன் கனம் எனக்குத் தெரியாதாம்மா? கழியிலயே தெரியும். சட்டுனு கனக்கும்.”

“தெரிஞ்சுமா கேட்டீங்க?”

“அவன் சொல்றதைக் கேக்கத்தான் கேட்டேன். இல்லேன்னா குண்டு விழற இடத்துல கால் எப்படிம்மா நகரும்?”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாவு மில் திருப்பம் ஞாபகம் வந்தது. அங்கே கழி சட்டென்று கனத்தது. அவள் உள்ளங்கைக்கு அது அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் கேட்டாள்; மரக்கடையில் கேட்டாள், பெரிய ரோட்டில் கேட்டாள். அப்பா சொல்லச் சொல்ல நடந்தாள். அவர் பொய் சொல்லி அவளை ஏமாற்றவில்லை. அவள்தான் திரும்பத் திரும்ப அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கினாள். பின்னால் வந்த அப்பா, எதிரே அம்மாவின் முகத்தையும் அதற்கு அப்பால் மகளின் முதுகையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மூச்சு இருக்கிறது என்று அவரிடம் சொல்ல, அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவள் வாய்விட்டு அழுதாள். தலைவர் பேச்சை நிறுத்தி, தன் பேச்சு இவ்வளவு உருக்கமாக அமைந்துவிட்டதா என்று ஆச்சரியப்பட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகள் வண்டியில் ஏறின. ஜவுளிக்கடைக்காரர் ஈரத்துணியால் பொம்மையின் மீசையைத் துடைத்து, துப்பாக்கியைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொள்ளப் பார்த்தார். மீசை போனதும் அது அமைதியாகப் படுத்திருக்கும் ஒரு பெண்ணாகிவிட்டது.

“அப்படித் தூக்காதீங்க” என்றாள் அவள். “நாங்க கொண்டுவந்து விடறோம்.”

“வண்டி இருக்கேம்மா.”

“பரவால்ல, இருக்கட்டும்.”

முன்பிடி எழுந்து, பழக்கத்தில் முன்பக்கம் போனார். அவள் அவருக்கு முன்னே போய்க் குனிந்து கழிகளைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு சுற்றிப் பின்னால் போனார். “ம்” என்றாள் அவள். தூக்கினார்கள்.

பேண்டும் கூட்டமும் இல்லாத தெருவில் அவள் வழி சொல்லிக்கொண்டே நடந்தாள். பள்ளம். கல்லு. சாக்கடையில் மேளம். கடைத்தெருத் திருப்பம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“பெரியப்பா, அம்மா எப்படி இருக்கா?”

பின்னால் அவர் கழியை இறுக்கிப் பிடிப்பது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

“மூச்சு இருக்கும்மா” என்றார் அவர். “நீ நட.”